தலைகீழாகக் குத்திய முத்திரை

நமிசாகி, ஹொக்கைடோ
பிப்ரவரி 21

அன்புள்ள தெட்சுரோவுக்கு, சுமியே எழுதுவது.

பருவத்தைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பீர்கள். இங்கே நேற்றும் பனி, இன்றும் பனி. மீதி வரிகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் அனுப்பிய கீரை ஊறுகாயும் கம்பளிக் காலுறைகளும் வந்து சேர்ந்தன. ஊறுகாய் பாதி தீர்ந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? "போடுறேன் போடுறேன்" என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னால் போடவில்லை என்று அர்த்தம்.

ஏப்ரலில் நம் ஊர் மட்சுமோட்டோவுக்கே மாற்றலாகி வந்துவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீங்களும் சந்தோஷப்பட்டு, என் அறையை ஒழித்துச் சுவருக்குப் புதுத்தாள் ஒட்டிவிட்டதாகப் பதில் போட்டீர்கள். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். நேராக எழுத வரவில்லை. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடமாக நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று உங்கள் தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, கடலுக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்தப் பாறை காலியாக இல்லை. அதன் நுண்துளைகளில் மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. நிரம்பிய பேருந்தில் இன்னும் நாலு பேர் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் நகர்ந்துதானே ஆக வேண்டும்? வாயு எங்கே போகிறது என்று ஊரே கேட்கிறது. அது தள்ளிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதுதான் என் வேலை. இந்தத் திட்டமே தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இது வேண்டும். வேண்டும் என்பதால்தான் இத்தனை வருடம் உங்களை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

போன கோடையில் கரையோரத்து மூன்றாம் கண்காணிப்புக் கிணற்றில் அழுத்தம் ஏறியது, தண்ணீரும் உப்புக் கரித்தது. மழையால்தான் என்று பிரிவுத் தலைவர் மினோவா அறிக்கை எழுதினார். மழைத் தண்ணீர் உப்புக் கரிக்குமா? ஐம்பதுகளில் எண்ணெய் தேடித் தோண்டிக் கைவிட்ட துளை ஒன்று அதன் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சரியாக அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், ஆழத்துத் தண்ணீர் அந்த வழியாகத்தான் மேலே வருகிறது என்று எனக்குப் பட்டது.

பட்டதைச் சொன்னேனா? அங்கேதான் உங்கள் மனைவியின் லட்சணம் தெரிகிறது. எங்கள் அலுவலகத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரையைச் சின்னவர்கள் இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்த வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் தலைவரின் முத்திரைக்குக் குனிந்து வணக்கம் வைப்பதுபோல் அது நிற்கும். மனதுக்கு ஒப்பாத தாள் என்றால் தலைகீழாகக் குத்திவிடுவோம். வாயைத் திறக்காமல் சண்டை போடுகிற வழி. நானும் அந்த அறிக்கையில் சசகாவா என்கிற நம் குடும்பப் பெயரைத் தலைகீழாகக் குத்திவிட்டு, ஏதோ பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து மினோவா என் மேசைக்கு வந்தார். "சசகாவா மேடம், கண்ணாடியை மாத்துங்க. முத்திரையைத் தலைகீழா குத்தியிருக்கீங்க! பரவாயில்ல விடுங்க, தாள் மேலே போயிடுச்சு" என்று சிரித்தார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை. வருடக் கடைசியில் எனக்கு ஒரு புது முத்திரையே வாங்கிக் கொடுத்தார். எந்தப் பக்கம் மேலே என்று தெரிய அதில் சிவப்புப் புள்ளி வேறு வைத்திருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொன்னேன். வெட்கமாக இருக்கிறது தெட்சுரோ.

துறைமுகத்துக்குப் பின்னால் சோயாப்பாலைத் திரித்துத் தோஃபு செய்கிற ஹாட்சுயோ அக்காவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எழுபத்திரண்டு வயதிலும் தனியாகக் கடை நடத்துகிறாள். என்னைப் பார்த்தாலே, "வாம்மா, புருஷன் இருந்தும் இல்லாதவளே" என்பாள். இலையுதிர் காலத்திலிருந்தே அவள் தோஃபு சொரசொரவென்று இருந்தது. சோயாவைக் குறை சொன்னாள், வேறு ஊர்ச் சோயா வாங்கினாள், தன் கையையே குறை சொன்னாள். கடை வாசலில் மன்னிப்புக் கேட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தாள். போன மாதம் ஒருநாள் அலுத்துப்போய், "உப்புச்சாறு ஊத்துறதுக்கு முன்னாடியே பால் திரிஞ்சுக்குதும்மா. எனக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

சோயாப்பாலைத் திரிய வைக்கிற உப்பு தண்ணீரிலேயே இருந்தால் அது தானாகத்தான் திரியும். கேட்டேன். கடையின் பின்கட்டில் இருக்கிற கிணற்றுத் தண்ணீர்தான். ஒரு புட்டியில் பிடித்து வந்து சோதித்தேன். மூன்றாம் கிணற்றில் இருந்த அதே ஆழத்து உப்புகள். மறுநாளும் சோதித்தேன், நான் தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப என் கை மேல தப்பு இல்லையா?" என்றுதான் முதலில் கேட்டாள். முகம் அப்படி மலர்ந்தது. அதற்கப்புறம்தான் கிணறு போய்விட்டது என்பது உறைத்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டாள். போன கோடையிலிருந்தே சந்தேகம் என்றேன். தோஃபு வாங்க நான் கொண்டுபோயிருந்த பாத்திரத்தைத் துடைத்து, காலியாகவே என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இந்தப் புதன்கிழமை கூட்டம் நடந்தது. செலுத்தும் வாயுவை இரட்டிப்பாக்குவதற்கு எல்லோரும் முத்திரை குத்த வேண்டும். முதல்நாளே மினோவா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்ரல் மாற்றல் முடிவான மாதிரிதான். வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருப்பாரே. நாளைக்கு மட்டும் அமைதியா முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார். மிரட்டலும் இல்லை, லஞ்சமும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று முழுக்க நீங்கள் ஒட்டிய சுவர்த்தாள் என்ன நிறமாக இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். குத்திவிடலாம் என்றுதான் கூட்டத்துக்குப் போனேன். தாள் என் முன்னால் வந்தபோது முத்திரையை எடுக்கவே கை வரவில்லை. எழுந்து நின்று, எனக்குச் சம்மதமில்லை என்று வாயால் சொன்னேன். அந்தப் பழைய துளையைத் திறந்து, சுத்தம் செய்து, திரும்ப அடைக்கும்வரை வாயு செலுத்துவதை நிறுத்த வேண்டும் என்றேன். போன வருடம் என் முத்திரை தலைகீழாக இருந்தது தவறுதலால் அல்ல என்றும் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அக்காவின் கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவை நான் மேசை மேல் வைத்துவிட்ட பிறகு வேறென்ன செய்வார்கள்? ஹாட்சுயோ அக்கா கடைக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு வருகிறது. துளையை அடைக்கிற வேலை இரண்டு வருடம் பிடிக்கும். அதை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, "சொன்னவங்களே பாக்கட்டும், அவங்கள விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் மினோவா. கோபத்தில் சொன்னாலும் சொன்னது சரிதான். மட்சுமோட்டோ இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆக, ஏப்ரலில் நான் வரவில்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது தெட்சுரோ. செய்தது சரி என்று தெரிந்தும் சந்தோஷம் வரவில்லை. அக்கா என்னிடம் பேசுகிறாள், ஆனால் கேலி செய்வதில்லை. பதினோரு வருடமாக உங்களுக்கு "இன்னும் கொஞ்ச நாள்" என்றே எழுதி வந்திருக்கிறேன். நீங்கள் ஒரு தடவைகூட முகம் சுளித்து எழுதியதில்லை. சுளித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் கடைசியோடு உங்களுக்குப் பள்ளிக்கூட வேலை முடிகிறது. அங்கே உங்கள் நண்பர்கள், மலையேற்றக் குழு, தக்காளிப் பாத்தி எல்லாம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இங்கே குளிரும் மீன் வாடையும்தான். என் குடியிருப்பில் இரண்டு பேர் படுக்கை விரித்தால் கதவு திறக்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் இத்தனை வருடமும் கேட்காமலே இருந்தேன். இப்போது கேட்கிறேன்.

நீங்கள் இங்கே வந்துவிட முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுமியே