பதினொரு ஈர்க்கும் ஒற்றைச் சப்பாத்தும்

முதலாளி,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை, நாற்பத்தாறு வயதுக்காரனாகிய நான், குசினி வாசலில் குந்தியிருந்து ஒரு பழைய கால்பந்துச் சப்பாத்துக்குள் மூக்கை நுழைத்து மோந்துகொண்டிருந்தேன். ஒரு தடவை என்றால் மன்னிக்கலாம். மூன்று தடவை. பாண் வாங்கி வந்த மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நான் விடியக் காலையில பாண் கியூவுல நின்னுட்டு வாறேன், நீங்க சப்பாத்தத் தின்ன ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். வாய் சும்மாதான் இருந்தது. மூக்கு வேலையாக இருந்தது.

அந்தச் சப்பாத்தில் தோல் வாடை போய்ப் பல காலம் ஆகிவிட்டது. கராம்பு வாடைதான் இருக்கிறது. கண்ணை மூடினால் மாத்தளைக் கடைவீதியில் உங்கள் வாசனைச் சரக்குக் கடை. சாக்குச் சாக்காகக் கராம்பு, மிளகு, சாதிக்காய், ஏலம். தராசுக்குப் பின்னால் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக நீங்கள். மூலையில் ஒரு சின்ன மேசை, அதில் நான். கடைக் கடிதங்களையும், நீங்கள் தலைவராக இருந்த கால்பந்துக் கழகத்தின் கடிதங்களையும் ஒரே பேனாவால் எழுதிக்கொண்டிருப்பேன். கடையில் நான் எழுத்தர், கழகத்தில் செயலாளர். நீங்கள் இரண்டு இடத்திலும் என்னை 'செக்கட்டரி' என்றே கூப்பிட்டீர்கள்.

முந்தாநாள் உங்கள் மூத்த மகன் வீதியில் என்னை மறித்து ஒரு சாக்குப் பையைக் கையில் தந்தார். "வாப்பாட அலுமாரியில இருந்திச்சு. செக்கட்டரி வந்தா குடுன்னு சொல்லிவெச்சிருந்தார். நீங்கதான் வரவேயில்லையே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது. பைக்குள் இந்த வலதுகால் சப்பாத்து இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும், பொறுங்கள்.

உங்களை ஊரில் யாருக்கும் பிடிக்காது. காலமானவரிடம் இப்படியா சொல்வது என்று கேட்காதீர்கள். இருந்தபோதே உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உங்களுக்கு முன்பிருந்த தலைவர் வென்றாலும் ஆட்டுக்கறி போடுவார், தோற்றாலும் போடுவார். நீங்கள் வந்ததும் கறி நின்றது. காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்றீர்கள். நகம் வெட்டாதவன் இறங்கக் கூடாது என்றீர்கள். கோட்டோரம் நின்று வெற்றிலை துப்பிய ரசிகர்களைக் குடையாலேயே பின்னுக்குத் தள்ளினீர்கள். அவர்கள் உங்களுக்குக் 'கராம்பு' என்று பெயர் வைத்தார்கள். ஒல்லி உடம்பு, மேலே பெரிய தலை, கிட்டப் போனால் எரியும். அந்தப் பெயரை வைத்தது யாரென்று ஒரு நாள் என்னிடம் கேட்டீர்கள். "தெரியலீங்க முதலாளி" என்றேன்.

நான்தான்.

ஆனால் ரசிகர்கள் யாரும் காணாத ஒன்றை நான் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறேன். ஆட்டம் இறுகினால் உங்களால் பார்க்க முடியாது. முதுகைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பீர்கள். "என்ன நடக்குது செக்கட்டரி?" என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் கைக்குடை மண்ணில் குழி தோண்டும். ஆறு வருஷம் நீங்கள் எங்கள் ஆட்டங்களை என் வாய் வழியாகத்தான் பார்த்தீர்கள். பொய்யனின் வாய் என்று தெரியாமல்.

எல்கடுவைத் தோட்டத்து மருதையை நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். நம் அணியின் உயிரே அவன்தான். எல்லாரையும் போல அவனும் வெறுங்காலால்தான் ஆடினான். ஒரு வருஷம் குருநாகல்காரர்களோடு ஆடும்போது, சப்பாத்துப் போட்ட ஒருவன் அவன் காலை மிதித்துவிட்டான். பெருவிரல் நகம் பெயர்ந்து, பக்கத்து விரல் இரண்டும் வீங்கி, ஒரு மாதம் மலைக்கு வேலைக்குப் போக முடியாமல் தோட்டத்து லயத்து வீட்டில் கிடந்தான். நீங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனீர்கள். பஸ் விட்ட இடத்திலிருந்து ஏறி, மூச்சு வாங்கி, லயக் காம்பிரா வாசலில் சாக்கு விரித்துத் தந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள். மருதையின் அம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"மொதலாளி கோவிச்சுக்கக் கூடாதுங்க. பந்து ஒங்களுக்கு வெளையாட்டுங்க. எங்களுக்குக் காலு போச்சுன்னா எல்லாம் போச்சுங்க. மலை ஏற காலு வேணுமில்லீங்களா?"

 நீங்கள் தேநீரைக் குடித்து முடித்தீர்கள். இறங்கி வந்தோம். ஊர் வந்து பஸ்ஸிலிருந்து தரையில் காலை வைக்கும்போதுதான் சொன்னீர்கள்: "செக்கட்டரி, இனி சப்பாத்து இல்லாம ஒருத்தனையும் எறக்க மாட்டேன்."

ரசிகர்களுக்கு இது போதுமாக இருந்தது. 'மண் தெரியாத காலுக்குப் பந்து தெரியுமா?' என்று தேநீர்க்கடையில் கேட்டார்கள். 'கராம்பு நம்ம பொடியன்மாருக்கு லாடம் அடிக்கப் போறார்' என்றார்கள். இதில் இரண்டாவது என்னுடையது. அப்போதே எனக்கு முப்பது தாண்டிவிட்டது, பொடியனும் இல்லை. ஆனாலும் நாலு பேர் சிரித்தால் பெற்ற தாயையும் விற்றுவிடுகிற வாய் எனக்கு.

தோட்டத்து ஆட்கள் ஊருக்குள் செருப்பு வாங்க ஆளனுப்பும்போது, காலை அனுப்ப முடியாததால் ஈர்க்கை அனுப்புவார்கள். தரையில் காலை வைத்து, குதியிலிருந்து பெருவிரல் நுனி வரைக்கும் ஒரு தென்னை ஈர்க்கை ஒடித்தால் அதுதான் அளவு. அப்படியே எல்கடுவையிலிருந்தும் இரத்தோட்டையிலிருந்தும் நம் ஆட்டக்காரர்களின் ஈர்க்குகள் பதினொன்று பஸ்ஸில் வந்து சேர்ந்தன. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். மருதையுடையதில் மட்டும் அவன் அம்மாவின் சேலைக் கரையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி. "பத்திரம்" என்று என் கையில் தந்துவிட்டு நீங்கள் ஏலம் வாங்க வெளியூர் போய்விட்டீர்கள். மறுநாள் கண்டியிலிருந்து சப்பாத்து தைப்பவர் அளவு வாங்க வருவதாக இருந்தது.

நான் அந்த ஈர்க்குக் கட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனேன். தேநீர் என்றால் வம்பும் சேர்த்துத்தான், ஒரு மணித்தியாலம். திரும்பி வந்தால் கட்டைக் காணவில்லை. சாக்குகளை நகர்த்தினேன். ஈர்க்குமாற்றை அவிழ்த்துப் பார்த்தேன். குப்பை எரித்த சாம்பலைக்கூடக் கிளறினேன். இல்லை. உண்மையைச் சொல்லித் தோட்டத்துக்கு மறுபடி ஆளனுப்பியிருந்தால் இரண்டு நாள் பிந்தியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்கு மேலாக நீங்கள் பார்க்கும் அந்த ஒரு பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்து, உங்கள் கடையின் ஈர்க்குமாற்றிலிருந்தே பதினொரு ஈர்க்கை உருவினேன். மருதை நெட்டை, அவனுக்கு நீளமாக ஒன்று. கோல் காப்பவன் குள்ளன், அவனுக்குக் கட்டையாக ஒன்று. இப்படி முகங்களை நினைத்து நினைத்துக் கால்களை ஒடித்தேன். சாக்குத் தைக்கும் நூலால் கட்டி, பெயர் எழுதித் தைப்பவரிடம் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் வந்து கேட்டீர்கள், "அளவு போயிட்டா?"

"போயிருச்சு முதலாளி."

அந்த வருஷக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் சப்பாத்துகள் வந்தன. ஆட்டத்தன்று இரத்தோட்டை பஸ்ஸின் கூரையிலும் ஆட்கள் இருந்தார்கள். நம் ஆட்கள் குளத்துக்குள் நடக்கும் கொக்குகளைப் போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். எதிரணிக் கண்டிக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நமக்குப் பெனால்டி. மருதை பந்தை வைத்தான். நீங்கள் மலைப்பக்கம் திரும்பிவிட்டீர்கள். அவன் ஓடிவந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போய், கள்ளுத்தவறணையின் தகரக் கூரையில் விழுந்து 'டங்' என்றது. அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் கேட்டீர்கள்: "போட்டானா?"

"இல்லீங்க முதலாளி."

குடை குழி தோண்டுவதை நிறுத்தியது.

ஆட்டம் முடிந்ததும் நான்தான் முதலில் மருதையிடம் ஓடினேன். குற்றமுள்ள நெஞ்சு ஓடத்தானே செய்யும். கூட்டம் கேட்க, "சப்பாத்து கடிச்சிச்சாடா?" என்றேன். அவன் குனிந்து தரையைப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க, கடிச்சிச்சுங்க" என்றான். அது போதுமாக இருந்தது. அரை மணித்தியாலத்தில் உங்கள் கடைப் பெயர்ப்பலகையில் மருதையின் சப்பாத்து இரண்டும் தொங்கின, அதில் ஒன்றுதான் இந்த வலதுகால். கூட்டம் பாடியது:

கராம்பு தந்த சப்பாத்து - பந்து
கள்ளுக்கடைக் கூரை போயாச்சு!

மைதானத்திலிருந்து வரும் வழியிலேயே நான் கட்டிக் கொடுத்த பாட்டு. நான் கடைசி வரிசையில் நின்றேன். பாடவில்லை, ஆனால் உதடு அசைந்தது. நீங்கள் வெளியே வந்து, கடையின் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக, இலக்க வரிசை பிசகாமல், நீங்களே பொருத்தினீர்கள். கடைசிப் பலகையைப் பொருத்தும் முன் தலையை நிமிர்த்திப் பார்த்தீர்கள். என்னைக் கண்டீர்கள்.

அடுத்த ஞாயிறு கழகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். "கால் அளவு பாக்காம சப்பாத்து தெச்சா இப்பிடித்தான். யாருங்க அளவு குடுத்தது?"

பேனா என் கையில் இருந்தது. கூட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். தலையைக் குனிந்து கூட்டத்தின் தேதிக்கு அடிக்கோடு போட்டேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னீர்கள், "என்ட பொறுப்பு. நான்தான்."

அதோடு தலைமையும் போயிற்று. 'தவறைத் தலைவர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று ஊரில் பெயர். அந்த ஒரு வரியும் அழகாகத்தான் வந்தது.

ஒரு மாதம் கழித்து, வேறு வேலை கிடைத்ததாகச் சொல்லிக் கடையை விட்டேன். வேலை கிடைத்திருக்கவில்லை. அதன்பின் உங்கள் கடை இருக்கும் பக்கமாக நடப்பதையே விட்டு, எதிர்ப்பக்க நடைபாதையைத் தேய்த்தேன். மருதை குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனான். போகிற அன்று உங்கள் கடைக்கு வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றானாம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். உங்கள் ஜனாசா போனபோது நான் ஒரு புடவைக்கடைத் தாழ்வாரத்தில் நின்றேன். கூட்டம் குறைவு. தோளில் சுமந்தவர்களில் இரண்டு பேர் அன்று பலகைக்கு முன்னால் பாடியவர்கள். நான் தாழ்வாரத்திலிருந்து இறங்கவில்லை.

இப்போது பையிலிருந்த மற்றதைச் சொல்கிறேன். ஈர்க்குக் கட்டு. அந்தப் பதினொன்றும். நூலெல்லாம் நிறம் மங்கியிருந்தது, மருதையின் சிவப்பைத் தவிர. கட்டின் இடுக்கில் காய்ந்த கராம்புகள் சிக்கியிருந்தன. அன்று அது சரிந்து கராம்புச் சாக்குக்குள் விழுந்திருக்க வேண்டும். சாக்கை விற்றுத் தீர்க்கும்போது உங்கள் கையில் அகப்பட்டிருக்கும். அப்போதே உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எந்த மாதம், எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. நான் எதிர்ப்பக்க நடைபாதையில் தலையைக் குனிந்து போனபோதெல்லாம், கண்ணாடிக்கு மேலாக நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். ஊர் முழுக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், பாட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். கட்டி வைத்துவிட்டு, வந்தால் கொடு என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள்.

வரவில்லை முதலாளி. கடைக்கும் எனக்கும் இடையில் ஒரு வீதிதான் இருந்தது. அதைக் கடக்கத் தெரியாத கால்கள் இவை. இனி எந்த வீதியில் போனாலும் அந்தக் கடைசிப் பலகைக்கு முன் நீங்கள் பார்த்த பார்வையைத்தான் சுமந்து போவேன். வயதானவனுக்கு அது பாரம்தான். இறக்கிவைக்கும் எண்ணம் இல்லை. கழகத்தின் பழைய அறிக்கைப் புத்தகம் எங்கே இருக்கிறதென்று விசாரித்திருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு, மடிப்பதற்கு முன், சிவப்புத் துணி கட்டிய ஈர்க்கை எடுத்து மருதையின் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்தேன். குதியில் முட்டக் கொடுத்து நீட்டினேன். பெருவிரலுக்கு விடவேண்டிய அரை விரல் இடமும் மிச்சமிருக்க, அளவு சரியாக இருந்தது. அன்று அது அவன் காலைக் கடித்திருக்க வழியில்லை.