உங்கள் குரலில் வந்த பொய்

என் அன்பிற்குரிய உங்களுக்கு,

பெயர் எழுதித் தொடங்க இப்போதும் கை வரவில்லை. "கான்வென்ட்ல படிச்சவ, பிஷப்பையே எதிர்த்துப் பேசுறவ, புருஷன் பேரைச் சொல்ல மட்டும் வாய் வராதோ?" என்று எத்தனை முறை சீண்டியிருப்பீர்கள். வரவில்லை. அதை விடுங்கள்.

தில்லியில் இது நீங்கள் இல்லாத இரண்டாவது குளிர்காலம். கிட்வாய் நகரில் நாம் குடியிருந்த வரிசையை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டிவிட்டார்கள். நான் நம் மகன் சேவியரோடு மயூர் விஹாரில் இருக்கிறேன். புகையில் எதிர்வீடு தெரிவதில்லை. உங்கள் நெஞ்சு இதைத் தாங்கியிருக்காது.

இதை எழுதி அலமாரியில் வைக்காமல் இதழுக்கு அனுப்பக் காரணம் உண்டு. உங்கள் குரலில் ஒரு பொய் தமிழ் வீடுகளுக்குள் போய்விட்டது. அது போன இடங்களில் சிலவற்றுக்காவது இதுவும் போகட்டும்.

சென்ற மாதம் ஒரு மாலை, வெளியிலிருந்து வந்த சேவியர் ஷூவைக்கூடக் கழற்றாமல் கைபேசியை என் காதருகே நீட்டினான். "அம்மா, சுனோ, கேளு! அப்பா பேசுறார்மா! ஏக்தம் அப்பாவேதான்!" அவன் கண் கலங்கியிருந்தது.

நீங்கள்தான் பேசினீர்கள். அதே கரகரப்பு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தாழ்த்தி வைக்கும் அதே விதம். பனிமலைக் காவல் முகாமில் இறந்த சிப்பாய் முனுசாமியின் கதை. துப்பாக்கியோடு பாய்ந்து பகைவரைச் சாய்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு அவர் வீரமரணம் அடைந்தாராம்.

நான் கைபேசியைத் தள்ளி வைத்தேன். "இது உங்கப்பா இல்லை."

"க்யா அம்மா, குரல்கூடவா தெரியலை உனக்கு?"

"பேருக்கு முன்னாடி நிக்கலையே."

வானொலியில் நீங்கள் போர்களைப் பற்றிப் பேசிய காலமெல்லாம், இறந்தவர் பெயருக்கு முன்னால் நிற்பீர்கள். ஒரு மிடறு தண்ணீர். பிறகுதான் பெயர். "சார், கேக்கிறவங்க ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டப் போறாங்க" என்று நிலையத்தில் அலுத்துக்கொள்வார்கள். "தட்டட்டும்" என்பீர்கள். இந்தக் குரல் முனுசாமியின் பெயரைப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனது.

உங்கள் பழைய ஒலிநாடாக்களைப் பாதுகாத்துத் தருவதாக ஒரு நிறுவனம் சேவியரிடம் வாங்கிப் போயிருக்கிறது. அவற்றைக் கேட்டு இயந்திரம் உங்கள் குரலைக் கற்றுக்கொண்டது. வார்த்தைகளை வேறு யாரோ எழுதினார்கள். வெளியிடுவதற்கு முன் சேவியருக்கு அனுப்பிச் சம்மதமும் கேட்டிருக்கிறார்கள். தில்லியில் பிறந்தவன், அவனுடைய தமிழ் நம் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. குரலைக் கேட்டான், அப்பா திரும்பி வந்துவிட்டார், என்னிடம் கொண்டுவருமுன்பே தலையாட்டிவிட்டான். அவனை நான் என்ன சொல்வது?

நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெற்கே போகும் ரயில் கிளம்புமுன், தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் விடுப்புச் சிப்பாய்களைத் தேடி பிளாட்பாரத்துக்குப் போவீர்கள். என் இட்லியும் பொடியும் உங்கள் பையில் இருக்கும். எந்தத் துப்பாக்கி என்று கேட்க மாட்டீர்கள். "கால்ல என்ன போட்டிருந்தீங்க தம்பி?" என்றுதான் தொடங்குவீர்கள். ஓய்வுபெற்ற ஒரு ஜெனரல் விருந்தில் எல்லார் முன்னாலும் குத்தினார்: "நீங்கள் எழுதுவது போர் வரலாறு அல்ல, கம்பளி வரலாறு." வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

முனுசாமியின் கதையும் ஒரு பிளாட்பாரத்தில்தான் உங்கள் காதில் விழுந்தது. அவரைக் குண்டு கொல்லவில்லை. பனி வழியை மூடிவிட்டது, பூட்ஸ் கிழிந்திருந்தது, குளிரில் இறந்தார். பக்கத்தில் இருந்த மலைக்காரச் சிப்பாய் ஒருவர், முனுசாமியின் கால்களைத் தன் கோட்டுக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை அவருடைய ஊரில் தேடிப் பிடித்து, அவர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்தீர்கள்.

கேட்டதும் ஒலிபரப்பிவிடவில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் மைக்குக்குச் சொல்லக் கூடாது என்பது உங்கள் சட்டம். வேலூருக்கு அப்பால் இருந்த முனுசாமியின் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். அவர் மனைவி பாக்கியம், சண்டையில் செத்ததாகத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நீங்கள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னீர்கள். அலறுவாள் என்று பயந்தேன். அவள் அலறவில்லை.

"தனியா செத்தாரா ஐயா?"

கால்களைப் பற்றிச் சொன்னீர்கள்.

"அந்தக் கால்ல சூடு ஏறுச்சா?"

"கொஞ்ச நேரம் ஏறுச்சாம், அம்மா."

"அப்ப ரேடியோல சொல்லுங்க" என்றாள். சொன்னீர்கள்.

இப்போது அந்தப் பாக்கியம்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள். பேரன் போட்டுக் காட்டியிருக்கிறான். "அம்மா, ஐயா செத்துட்டாருன்னீங்களே, பேசுறாரே!" இயந்திரம் என்று விளக்கினேன். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "மிஷினோ என்னவோ. எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு ஊருக்கு வேற சொல்றாரே. அந்த மலைக்கார அண்ணன் எங்கம்மா போனாரு?"

எங்கே போனார்?

சேவியரை இழுத்துக்கொண்டு நொய்டாவில் உள்ள அந்த நிறுவனத்துக்குப் போனேன். நிகழ்ச்சியைத் தயாரித்த பெண் கோயம்புத்தூர்க்காரி. மரியாதையானவள். முனுசாமி குளிரில் இறந்ததையும் அந்தக் கால்களைப் பற்றியும் அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

"குளிர்ல செத்தார்னா யார் ஆன்ட்டி கேப்பாங்க?"

"அவர் பொண்டாட்டி கேட்டாளே."

அவள் முகம் சிறுத்தது. "சாரி ஆன்ட்டி. மாத்திடலாம். நீங்க சொல்றதை டைப் பண்ணினா போதும், சார் குரல்லயே வந்துடும்."

சேவியர் என் கையைப் பிடித்தான். "அச்சா அம்மா, அப்போ உண்மைதானே வரும்?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சார் ஏதாவது பேசணும்னாலும் பண்ணித் தர்றேன் ஆன்ட்டி. நீங்க மட்டும் கேக்கலாம்."

உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. "மதர் சுப்பீரியர், காபி ஆச்சா?" என்ற உங்கள் கேலி ஒன்று போதும் எனக்கு. ஆனால் அதை நான் அல்லவா தட்டச்சு செய்ய வேண்டும்? என் விரலுக்கு உங்கள் தொண்டை ஆடுவதைக் கேட்டுக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பதா?

"வேண்டாம்மா," என்றேன். "இன்னைக்கு நான் உண்மையை டைப் அடிப்பேன். நாளைக்கு அதே எந்திரத்துல இன்னொருத்தர் வேற அடிப்பார். ரெண்டும் அவர் சொன்னதில்லை."

திரும்பும் வழியில் சேவியர் காரை ஓரமாக நிறுத்தினான். "அம்மா, அந்தக் கால் விஷயம் அப்பா ரேடியோல சொன்னதா? எனக்கு யாருமே சொல்லலையே." அங்கேயே, பாதி இந்தியில், முழுக்கதையையும் சொன்னேன். ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதான். மறுநாள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றான்.

நிகழ்ச்சியை நீக்கிவிட்டார்கள். என்ன பயன்? நகல்கள் கைபேசி கைபேசியாகச் சுற்றுகின்றன. பாக்கியத்தின் ஊர்ப் பள்ளியில் குடியரசு தினக் கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் போட்டார்களாம். பிள்ளைகள் கைதட்டினார்களாம். மேடையில் அவளையே உட்கார வைத்து, சால்வை போர்த்தி, கேட்க வைத்திருக்கிறார்கள்.

என் குரலில் நானே பதிவு செய்வது என்று தீர்மானித்தேன். முதலில் பாக்கியத்தைக் கூப்பிட்டேன். "பேசுங்கம்மா. அந்த அண்ணனை மட்டும் விட்டுறாதீங்க."

மைக்கை அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணே கொண்டுவந்து மாட்டினாள். நான் யாருடைய மனைவி என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் பெயர். நான் நின்றேன். மறந்துவிட்டேன் என்று நினைத்துச் சேவியர் வாயை அசைத்து எடுத்துக் கொடுத்தான். கையமர்த்தினேன். ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன். நீங்களும் இறந்தவர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு முனுசாமியின் பெயர். அதற்கும் நின்றேன்.

மூடுபனி விலகி ரயில்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அந்தப் பள்ளிக்குப் போவேன். சேவியரும் வருகிறான். அதே ஒலிபெருக்கியில், அதே பிள்ளைகளுக்கு, பாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவருடைய வயிற்றுச் சூட்டில் இன்னொருவர் கால் கொஞ்ச நேரம் கதகதத்ததைச் சொல்வேன். கைதட்ட மாட்டார்கள். பரவாயில்லை. என் மூச்சு உள்ளவரை உங்கள் வாயில் வேறொருவர் பேச விட மாட்டேன். இது நான் தரும் வாக்கு.

உங்கள் பெயரை ஒரே ஒரு முறை சொன்ன மனைவி,
ரெஜினா