நீ எழுதிய நான்காம் பந்தி

அன்புள்ள அந்தோனி, என் மனைவியின் ஒரே தம்பியே,

ஐந்தரை வருஷமாக உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும். ஆகவே சொல்ல வந்ததை முதலில் வரிசைப்படுத்தி விடுகிறேன். நீ சிரிப்பாய். பரவாயில்லை.

1. வீட்டுச் செய்தியும் நாட்டுச் செய்தியும்.
2. உன் கட்டுரையின் நான்காம் பந்தியை நான் நீக்கியது. உன் பாதுகாப்புக்காகவே நீக்கினேன் என்பது.
3. சிறிய நாட்டுக்குப் பெரிய நாட்டின் துணை வேண்டும் என்ற என் கட்சி.
4. வருகிற சனிக்கிழமை நான் செய்யப்போவது.

முதலாவது. உன் அக்கா பிலோமினா சுகம். முழங்கால்தான் கரைச்சல் கொடுக்கிறது. நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையிலேயே கோயில் இருக்க, ஞாயிறு பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குத்தான் போக வேண்டும் என்று நிற்கிறாள். பூசை முடிந்து இருவரும் உன் கல்லறைக்குப் போவோம். அவள் அழுவாள். நான் கல்லில் உள்ள எழுத்துக்களை வாசிப்பேன். பிழை ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாட்டுச் செய்தி பெரியது. அடுத்த வருஷம் நமக்குச் சுதந்திரம். ஆனால் வெள்ளைக்காரரோடு ஒப்பந்தம் ஒன்று செய்திருக்கிறார்கள். கொடி மாறும், அவர்களுடைய கப்பற்படை திருகோணமலையில் இருக்கும், விமானங்களும் இருக்கும். ஆபத்து வந்தால் அவர்கள் நம்மைக் காப்பார்கள். இதைப் பத்திரிகையில் வாசித்தபோது, உனக்குச் சொல்ல வேண்டுமே என்று சட்டையைக் கூட எடுத்துப் போட்டுவிட்டேன். பிறகு கழற்றி மாட்டினேன்.

இரண்டாவது. இதைக் கேட்கப்போகிற புதியவர்களுக்காகச் சிலவற்றை விளக்க வேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு வாசிப்புச் சங்கம் உண்டு. அங்கே ஒருவர் எழுதிய கட்டுரையை அவர் வாசிப்பதில்லை. செயலாளர் நல்ல பிரதி எடுத்து வாசிப்பார். எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். பிறகு செயலாளரே ஒவ்வொரு பந்திக்கும் மறுமொழி வாசிப்பார். ஒரு பந்தியையும் விடக்கூடாது. அந்தச் செயலாளர் நான்.

நீ துறைமுகத்தில் மூட்டை எண்ணும் லிகிதன். கப்பல்காரனின் எண்ணிக்கைக்கும் கரைக்காரனின் எண்ணிக்கைக்கும் நடுவில் நின்றே உன் காலம் போனது. ஜப்பான் சண்டைக்கு வருமுன் நீ எழுதிய கட்டுரை, சிறிய நாடொன்று வல்லரசுகளுக்கு நடுவில் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றியது. முதலாம் பந்தி: எங்கள் அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறது. இரண்டாவது: ஆகவே கடல் யார் கையிலோ, எங்கள் சோறும் அவர் கையில். மூன்றாவது: ஆகவே கடலை வைத்திருப்பவரோடு பகைக்கக் கூடாது.

நான்காவதை உன் கையெழுத்திலிருந்தே பார்த்து எழுதுகிறேன்: “ஆனால் நட்பு வேறு, துறைமுகத்தைக் கொடுப்பது வேறு. பெரியவன் இங்கே காவல் வைப்பது தன் கப்பலுக்கு. அவனுடைய எதிரிக்கு எங்களைத் தெரியாது. எங்கள் துறைமுகத்தைத் தெரியும். பெரியவன் கப்பல் புறப்பட்டுப் போகலாம். துறைமுகம் எங்கே போகும்?”

அன்று நான் மூன்று பந்திகளை வாசித்தேன். மூன்றுக்கும் மறுமொழி சொன்னேன். கை தட்டினார்கள். வாசலில் நீ என்னைப் பிடித்தாய்.

“அத்தான், நாலாவதை விழுங்கிப்போட்டியள்.”

“காலம் சரியில்லைத் தம்பி. தணிக்கை இருக்கு. உன்ர வேலை துறைமுகத்தில.”

“நீங்கள் குடை பிடிக்கிறது மழைக்கில்லை அத்தான், துரைமாருக்கு.”

சொல்லிவிட்டு என் குடையையே வாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் கூட வந்தாய். அதன் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. என்னை நம்பினாயா, மன்னித்தாயா?

மூன்றாவது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் உனக்கு வேலை இருந்தது. இரத்மலானையிலிருந்து எழுந்த துரைமாரின் விமானங்கள் எங்கள் கூரைகளுக்கு மேலே போயின. பெரிய கப்பல்கள் முன்பே துறைமுகத்தை விட்டுப் போயிருந்தன என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். நீ போயிருக்கவில்லை. உன்னை அடையாளம் காட்டப் போனவன் நான். சட்டைப் பையில் பென்சில் இருந்தது, உடையவில்லை.

ஆனாலும் என் கட்சிக்கும் சாட்சி உண்டு. அந்த விமானங்கள் எழும்பியிராவிட்டால் என்ன நடந்திருக்கும்? கொழும்புக்கு எதிரி திரும்பி வரவில்லை. பர்மா விழுந்த பிறகும் பாண் மாவோ கூப்பன் அரிசியோ ஏதோ ஒன்று கப்பலில் வந்தது. தனியாக நின்ற சின்ன நாடுகள் எத்தனை அந்தச் சண்டையில் மிதிபட்டன? இதையெல்லாம் யோசிக்கும்போது நான் முற்றாகப் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. நீ முற்றாகச் சரி என்றும் தோன்றவில்லை. எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை சங்கத் தலைவர், அவர் நீதிமன்றத்தில் வழக்குப் பார்க்கிற ஒரு புரொக்டர், ஒப்பந்தத்தை வரவேற்றுத் தீர்மானம் அனுப்புவோம் என்றார். அதோடு உன் கட்டுரையையும் அச்சடித்து இணைக்க வேண்டுமாம்.

“உங்கட மச்சான் துறைமுகத்தில உயிரை விட்டவர். அவரே கடலை வைச்சிருக்கிறவனோட நில் எண்டு எழுதிப்போட்டார். இனி என்ன விவாதம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“தம்பி அப்பிடி எழுதேல்லையே. இந்த மேசையில இருந்துதானே எழுதினவன். நான் தேத்தண்ணி குடுக்கேக்க கடைசித் துண்டை வாசிச்சுக் காட்டினவன்.”

“அதை நான்தான் எடுத்தனான். பாதுகாப்புக்காக.”

“ஆரின்ர பாதுகாப்புக்கு?”

மீனைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பாட்டுக்கு என் சோற்றுக் கோப்பையை மட்டும் மேசையில் வைத்தாள்.

நான்காவது. வருகிற சனிக்கிழமை உன் கட்டுரையை அச்சுக்கு ஒப்புக்கொடுக்கும் முன் செயலாளர் மறுபடி வாசிக்க வேண்டும். உன் கையெழுத்துப் பிரதியைத் தகரப் பெட்டியில் தேடி எடுத்தேன். அதற்கு அடியில் நான் அன்று மறுமொழி எழுதிய தாள்கள் இருந்தன. எதையும் எறியாதவன் நான். முதல் மூன்று பந்திகளுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பிறகு ஐந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் “நான்காம் பந்திக்கு மறுமொழி” என்ற தலைப்பு, அதன் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஆகவே என் வரிசையில் இரண்டாவதாக எழுதியது பிழை. தணிக்கைக்காரன் எங்கள் சங்கத்தின் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. உனக்கு ஆபத்து வரும் என்று நான் அன்று நினைத்ததாகவும் இல்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, அதனால்தான் எடுத்தேன். இன்றும் இல்லை.

சனிக்கிழமை நான்கு பந்திகளையும் வாசிப்பேன். பிறகு இந்தக் கடிதத்தை வாசிப்பேன். தீர்மானத்தை அவர்கள் என்ன செய்தாலும், உன் பெயரை அதில் போட விடமாட்டேன். நான்காம் பந்திக்கு மறுமொழி இல்லை என்று சங்கக் குறிப்புப் புத்தகத்தில் என் கையால் எழுதிக் கையொப்பம் வைப்பேன்.

உன் அக்காளும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
பிலோமினாவின் கணவன்,
உன் அத்தான்
சவிரிமுத்து