ரியாத்தில் யார் மனைவியையும் விசாரிக்க வேண்டாம்

பொழிச்சலூர்
ஆகஸ்ட் 2006

அன்பு மகள் மஹீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் அதே சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும், இனி முடியாது. கேளம்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த உன் வலீமா விருந்தில், பெண்ணைப் பெற்றவனை முதல் பந்தியில் இடமில்லை என்று கை கழுவும் இடத்தருகே நிற்க வைத்தார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். அன்றிலிருந்து போனை நான் எடுத்தால் அம்மா இல்லையா அத்தா என்கிறாய், அதோடு சரி. அதில் என் மேல் ஒரு தப்பும் இல்லை, அதைப் பற்றி எழுத வரவும் இல்லை. மாப்பிள்ளைக்கு அடுத்த மாதம் முதல் ரியாத்தில் வேலை, வருஷக் கடைசி வரை, நீயும் கூடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். அதற்கு உன் மாமா அஃப்தாப் தாம்பரத்தில் சூட்கேஸ் கடையில் உட்கார்ந்தபடி யோசனை சொன்னானாமே, அவங்களும் முஸ்லிம் நாமளும் முஸ்லிம், இன்னா பேஜார், ஜாலியா போய்ட்டு வாம்மா என்று. மீனம்பாக்கத்தில் ஆட்களை வழியனுப்பியதைத் தவிர அவனுக்கு வெளிநாடு தெரியாது. அந்த ஊரில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவன் நான், என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஊர் வேறு. வெளியே கால் வைத்தால் உடுப்புக்கு மேல் அபாயா அங்கி கட்டாயம், கறுப்பு, பூவேலை ஜரிகை எல்லாம் வேண்டாம். முகத்தையும் மூடு என்று யாராவது சத்தம் போட்டால் பேசாமல் நகர்ந்துவிடு, வாதாடுவதை என்னோடு வைத்துக்கொள். நிக்காஹ் சான்றிதழ் நகல் ஒன்று அரபியில் எழுதி கைப்பையில் இருக்கட்டும், அவர் உன் புருஷன் என்று நெற்றியில் ஒட்டியிருக்காது. ஹோட்டலில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி வாசல், மாறிப் போகாதே. தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கடை ஷட்டர் இறங்கிவிடும், தக்காளிப் பையோடு உள்ளே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கேமரா பெட்டியிலேயே கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை ஊரே தூங்கும், ரொட்டியும் பாலும் முந்தின நாளே வாங்கிவிடு.

மாப்பிள்ளைக்கு இதை முக்கியமாகச் சொல். போன புதிதில் எங்கள் மேனேஜரிடம், நான் படித்தவன் அல்லவா, உங்கள் மனைவி சௌக்கியமா என்று இங்கிலீஷில் கேட்டுத் தொலைத்தேன். மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை முறைத்தார். பக்கத்து மேஜை எலியேசர், திருநெல்வேலிக்காரன், தலையைத் தூக்காமலே, அண்ணாச்சி, ஊர்ல கேக்குற மாதிரி வீட்ல சௌக்கியமான்னு கேளும், இல்லேன்னா நாளைக்கே ஊர்ல போய்க் கேப்பீரு என்று தமிழில் முணுமுணுத்தான். அதை அப்படியே அரபியாக்கி வீட்டில் எல்லோரும் நலமா என்றேன். மேனேஜர் முகம் மலர்ந்து காவா வரவழைத்தார். மனைவியைச் சொல்லாமல் வீட்டில் என்று சொல்கிற நம் வழக்கம் அந்த ஊருக்கென்றே செய்தது போல.

காவா என்றால் ஏலக்காய் போட்ட காபி, சின்னக் கிண்ணம். நமக்கு டம்ளரைக் காலி செய்து வைத்தால் போதும் என்று அர்த்தம், அங்கே இன்னும் ஊற்று என்று அர்த்தம். நான் மரியாதைக்குக் காலி செய்யச் செய்ய, காவா கொண்டுவந்த பையன் ஊற்ற ஊற்ற, கடைசியில் என் கை நடுங்க ஆரம்பித்தது, அதைப் பார்த்ததும் சலாம் சொல்லிப் போய்விட்டான். கிண்ணத்தை ஆட்டினால் போதும் என்று அர்த்தமாம், பிறகுதான் எலியேசர் சொன்னான். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறான், அவனையும் நான் மன்னிக்கவில்லை.

வேலை முடிந்ததும் நேரே லண்டன் போகப் போகிறீர்களாம். இங்கே வந்து பக்ரீத் முடித்துப் போகலாமே என்று அம்மா கேட்டதற்கு, மாமனார் தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நல்ல ரோஷம்தான், எனக்கும் உண்டு. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, ஃபேன் புதிது, எதற்கென்று உன் அம்மா கேட்டாள், சும்மாதான் என்றேன். அவருக்கு முள் மீன் ஆகாதென்று தெரியும், கோவளத்து மீன்காரர் கோதண்டத்திடம் வஞ்சிரம் சொல்லி வைத்திருக்கிறேன். பெருநாள் சமயத்தில் டிக்கெட் கிடைக்காது, இப்போதே பார்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் நல்லபடி கொண்டுபோய் நல்லபடி சேர்க்கட்டும். அபாயாவை மறக்காதே. கீழே கையெழுத்துப் போட்டால் நானே கூப்பிட்டதாக ஆகிவிடும், அதனால் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று மாப்பிள்ளை கேட்டால் உனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்.