பனி காய்ந்த பிறகே தழை

ஏங்க,

தாயில்லாத கன்றுக்குப் பால்பவுடர் வாங்க டவுனுக்குப் போகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி தட்டை முறைத்துக்கொண்டிருக்காமல் சாப்பிடுங்கள்.

மாட்டுத் தரகர் வருவார். பெரிய பசு வயிறு உப்பிச் செத்தது இந்நேரம் அவர் காதுக்கு எட்டியிருக்கும். துக்கம் கேட்கிற முகத்தோடு சின்னப் பசுவைப் பாதி விலைக்குக் கேட்பார். அழுகிறவனிடம் சரக்கு மலிவு என்பது வியாபாரி வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? "வீட்டுக்காரியைக் கேக்கணும்"னு சொல்லி அனுப்பிவிடுங்கள்.

குதிரைமசால் தீவனப்பயிரைப் பிடுங்கி எறியாதீர்கள். புண்ணாக்கு கட்டுப்படியாகாமல்தானே அதை விதைத்தோம்? சத்தில் குறைச்சல் இல்லை. வெறும் வயிற்றில், பனி ஈரத்தோடு தின்னக் கொடுத்ததுதான் வினை. சின்னப் பசுவுக்கு முதலில் வைக்கோல் போடுங்கள். தழையை அறுத்து, வாடவிட்டு, அப்புறம் கொஞ்சமாக.

"இனி என் கையால தீனி போட மாட்டேன்" என்றீர்கள். வேறு யார் கையால் போடுவதாம்? இந்த வீட்டில் எனக்கும் இரண்டு கைதான்.

பி.கு. கன்றின் பால்புட்டி அடுப்படியில் இருக்கிறது. காலையில் நான் நீட்டினேன், குடிக்கவில்லை. நீங்கள் வருகிற வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.