எவர்சில்வர் தகடு

ஐப்பசி 4, செவ்வாய்

மூட்டம். மழை இல்ல. பட்டறைப் பூட்டு துருப்பிடிச்சிக் கிடந்தது, மண்ணெண்ணெய் விட்டுத்தான் திறந்தேன். அவுக போனபிறகு இன்னைக்குத்தான் திறக்கேன். இருபத்திரெண்டு நாள்.

ஆத்தூர் மீன் ஏவாரி வந்தார். அவருக்குச் செஞ்ச சைக்கிள் பிரேம் முக்கால்வாசி முடிஞ்சி தொங்குது. மிச்சம் பின்பக்கத் தகடு ரெண்டும். பின்சக்கரத்து அச்சு அதுலதான் உக்காரும். மூணு பெட்டி மீன் பாரமும் அங்கதான் இறங்கும். நான் முடிச்சித் தாரேன்னு சொன்னேன். பதினஞ்சு வருசம் அவுக பக்கத்துல நின்னு பித்தளையை உருக்கிப் பத்தவச்ச கை. அவர் தலையை ஆட்டுனார், நம்புன மாதிரி இல்ல.

வாசல்ல வச்சி கொழுந்தன் அவர்ட்ட சொல்லுதான்: "அண்ணன் போதையில சைக்கிளோட விழுந்துட்டான் அண்ணாச்சி. லாரிக்காரன் என்ன செய்வான்."

அவுக குடியை விட்டு ரெண்டு வருசம். பெத்தவளே நம்பல. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இன்னும் வரல. வந்தாலும் இவுக எங்க நம்பப் போறாக.

வாங்கணும்: வெங்காரம், பித்தளைக் கம்பி, ஆக்சா பிளேடு, மாமிக்கு சுகர் மாத்திரை.

ஐப்பசி 5, புதன்

டப்பாவுல மூணு வகைத் தகடு.

மெல்லிசு. மிஷின்ல அடிச்சது. மீன் பாரத்துக்கு வளைஞ்சிரும்.

கனத்த இரும்பு. அவுக கையால அறுத்தது. பாக்க அசிங்கம்.

எவர்சில்வர். திரேஸ்புரத்துல பழைய போட் சாமான் கடையில எடுத்தது. ஒரு ஜோடி மிச்சம். இன்னொரு ஜோடி அவுக சைக்கிள்ல.

எவர்சில்வரே போடுவோம். மீன்பெட்டியில இருந்து உப்புத் தண்ணி ஒழுகி ஒழுகி இரும்பு ரெண்டு வருசத்துல பொரிஞ்சி போவுது.

ராத்திரிக்குப் பழைய சோறு. கறி வைக்க மனசு இல்ல.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விட்டு விட்டு. கரண்டு இல்ல.

தகட்டைப் பிரேம் குழாய் நுனி வெட்டுல செருகி, பித்தளை பிடிக்க வெங்காரம் தடவி, கேஸைப் பத்தவச்சேன். நல்லா செவந்ததும் கம்பி வச்சேன். குழாய்ல பித்தளை தண்ணியா ஓடுது. தகட்டுல மட்டும் காஞ்ச தோசைக்கல்லுல தெளிச்ச தண்ணி மாதிரி உருளுது. இன்னும் சூடு, இன்னும் கம்பி. ஒருவழியா மூடிச்சு. ஆறுனதும் பாத்தா நல்லாத்தான் இருந்தது.

சுத்தியலால ரெண்டு தட்டு. தகடு கழண்டு கையில வந்திருச்சு. ஒரு பொட்டு பித்தளை ஒட்டல. தோல் உரிச்ச மாதிரி சுத்தம்.

போலீஸ் ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்த அவுக சைக்கிள் பின்னால சாக்குக்கு அடியில கிடக்கு. இதுவரை தொடல. சாக்கை எடுத்தேன். இடதுபக்கத் தகடு குழாயை விட்டு வெளிய, சக்கரத்தோட தொங்குது. வளையல. லாரி அடிச்சிப் பிச்சிருந்தா வளைஞ்சிருக்கும். இதுலயும் ஒரு பொட்டு ஒட்டல. முதல்ல இதுதான் விட்டிருக்கு.

எவர்சில்வர் போடும் முன்னாடியே அவுக சொன்னாக. "இதுல நம்ம வெங்காரத்துக்குப் பித்தளை பிடிக்காதுளா"ன்னு. சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்குன்னு ஏசுனேன். எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்குதா, அதையே போடுங்கன்னு நச்சரிச்சேன். ரெண்டு நாள் நான் முகம் குடுத்துப் பேசல. மூணாம் நாள், அடுத்தவன் சைக்கிள்ல போட்டுப் பாக்க முடியாது, என்னதுல போட்டுப் பாக்கேன்னாக. பளபளன்னு கொண்டுவந்து நிப்பாட்டுனாக. சிரிச்சேன் நான்.

குடிக்கல. குடிச்சி விழல.

இதைச் சொன்னா அவுக பேரு மீளும். என் பேரு போவும்.

ஐப்பசி 8, சனி

அந்தக் கனத்த இரும்பையே எடுத்தேன். அரத்தால பளிச்சுன்னு ராவி, வெங்காரம் போட்டு, ரெண்டு பக்கமும் பத்தவச்சேன். பித்தளை உள்ள இறங்கி மறுபக்கம் கோடா வந்தது. சுத்தியலால ஓங்கி ஓங்கி அடிச்சேன். அசையல. துருப்பிடிக்கும். பிடிக்கட்டும். கண்ணுக்குத் தெரிஞ்சாவது பிடிக்கும்.

மாமி பக்கத்து வீட்டுக்காரிகிட்ட: "குடிகாரன் பொண்டாட்டிக்கு சுத்தியல் ஒண்ணுதான் குறைச்சல்."

கையில தீப்பட்ட இடம் எரியுது. தேங்காயெண்ணெய் போட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில்.

மத்தியானம் கொழுந்தன் சாப்பிட வந்தான். மூணாவது வாய்க்கே ஆரம்பிச்சிட்டான், அண்ணன் மட்டும் குடிக்காம இருந்திருந்தான்னா. ரெண்டு தகட்டையும் கொண்டுபோயி இலைக்குப் பக்கத்துல வச்சேன். ஒண்ணு அவுக சைக்கிள்ல விட்டது, ஒண்ணு வெள்ளிக்கிழமை என் கையில விட்டது. எப்படின்னு, நான் நச்சரிச்சதுல இருந்து சொன்னேன். அவனுக்குப் பாதிதான் புரிஞ்சது. மாமிக்கு முழுசும் புரிஞ்சது.

"அவன் வேண்டாம்னானா?"

"ஆமா."

"நீ கேக்கலயா?"

"கேக்கல மாமி."

மாமி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. முந்தானையால துடைச்சாக. எந்திரிச்சிப் போயிட்டாக. கொழுந்தன் கையைக் கழுவிட்டு, "மதினி, இதை வெளிய சொல்லாதீக"ன்னு சொல்லிட்டுப் போறான்.

இப்போ மாமி தெருவுல நிக்காக. போற வாரவுக எல்லாத்தையும் நிப்பாட்டிச் சொல்லுதாக. எம் பிள்ளை குடிக்கல, இந்த மூதேவிதான் கொன்னுட்டா.

குடிக்கலன்னு முதல்ல சொன்னதை இன்னும் சத்தமாச் சொல்லுங்க மாமின்னு உள்ள இருந்தபடி சொன்னேன்.