மரக்கரண்டிகளை எடுத்துப் போகிறேன்

என்னங்க,

சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது. சூப் வைத்திருக்கிறேன், சூடாக்கிக் குடியுங்கள்.

“இந்த வயசுல உனக்கு ட்ரம்ஸ் கேக்குதா?” என்று என் குச்சிகளை ஒளித்துவைத்தீர்கள். நான் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. சர்ச் பாட்டுகளுக்கான காஸ்பல் ட்ரம்ஸ் சொல்லித்தரும் வீடியோ வாத்தியார் காட்டிய பிடியை மரக்கரண்டிகளில் பழகினேன். இறுக்கிப் பிடித்தால் துள்ளாது. இரண்டு விரலுக்கு நடுவே லேசாக விட்டால் உங்கள் தலையணையில்கூடத் துள்ளுகிறது.

இன்று மாலை சர்ச் பாட்டுக்குழுவில் வாசித்துக் காட்டவேண்டும். கரண்டிகளோடுதான் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், வாசிக்காமல் திரும்பமாட்டேன்.

பி.கு.: சூப் கிளறக் கரண்டி தேடாதீர்கள். ஒளித்த குச்சிகளால் கிளறிக்கொள்ளுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் கிளறாமல் அந்தக் குச்சிகளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு வாருங்கள், ஐந்து மணிக்கு என் முறை.

இன்னொன்று: வந்தால் முன்வரிசை. காதில் பஞ்சு வைக்கக் கூடாது.